கணினியில் ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகை

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் தமிழ் காதில் விழுகிறது, கண்ணில் படுவதில்லை. கடைப் பலகை இந்தியில், பள்ளிப் புத்தகம் ஆங்கிலத்தில். ஊரில் நாளிதழை வரி விடாமல் படித்த தாயார், கடைசிக் காலத்தில் நம்மோடு வந்து தங்கினால், எழுத்தறியாதவர் போல ஆகிவிடுகிறார். பிள்ளைகளோ தமிழ் பேசுவார்கள். எழுத்துக் கூட்டத் திணறுவார்கள். சங்கத்தின் தமிழ் வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள்தான். கணினித் திரையோ தினமும் கண் முன்னே. அந்தத் திரையில் தமிழ் இருக்க வேண்டும், அதை நாமே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு லினக்ஸ் மிகவும் தோதானது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததால், புதிய பதிப்பை ஏற்காத பழைய கணினிகள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. அவற்றில் லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷங்கள் உழைக்கும்.

லினக்ஸ் திரையில் ஒரு செயலியைத் திறக்க நாம் தட்டும் சின்னத்தை லாஞ்சர் என்பார்கள். ஒவ்வொரு லாஞ்சருக்கும் பின்னால், 'டெஸ்க்டாப்' என்று பெயர் முடியும் ஒரு சிறிய எழுத்துக் கோப்பு உண்டு. அதில் 'நேம்' என்ற வரி திரையில் தெரியும் பெயர். 'ஐகான்' என்ற வரி படம். 'எக்ஸெக்' என்ற வரி தட்டியதும் ஓட வேண்டிய கட்டளை. 'நேம்' என்பதை ஒட்டி, சதுர அடைப்புக்குறிக்குள் டி, ஏ என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளை இட்டு, சமக்குறிக்குப் பின் தமிழ்ப் பெயரை எழுதினால் போதும். திரையின் மொழி தமிழாக இருக்கும்போது அந்தப் பெயரே தெரியும். திரை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்றால், 'நேம்' வரியிலேயே தமிழில் எழுதலாம்.

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இது பழகிய விஷயம். பழைய கேபினில் ஒவ்வொரு லீவருக்கும் ஒரு பெயர்த்தகடு, ஒரு வண்ணம்: நிறுத்தும் சிக்னலுக்குச் சிவப்பு, பாயிண்டுக்குக் கறுப்பு, உபயோகத்தில் இல்லாததற்கு வெள்ளை. தகட்டை எந்த மொழியில் எழுதினாலும் கீழே ஓடும் கம்பி மாறாது. அதுபோல, 'எக்ஸெக்' வரியைத் தொடாதவரை பெயரை எப்படி மாற்றினாலும் செயலிக்கு ஒரு குறையும் வராது. வெள்ளை லீவருக்குச் சமமாக 'நோடிஸ்ப்ளே' என்றொரு வரியும் உண்டு. அதற்கு 'ட்ரூ' என்று மதிப்புக் கொடுத்தால், வேண்டாத லாஞ்சர் மெனுவிலிருந்து மறைந்துவிடும்.

மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது. அடுத்த புதுப்பிப்பில் நம் மாற்றம் அழிந்துவிடும். அதே பெயரில் ஒரு நகல் எடுத்து, நம் ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்' என்ற இடத்தில் வைக்க வேண்டும். கணினி நம் நகலையே முதலில் எடுத்துக்கொள்ளும். ஏதாவது தவறினால் நகலை நீக்கினால் போதும், பழையபடி ஆகிவிடும். கோப்பைத் தொடத் தயங்குபவர்களுக்கு 'மெனுலிப்ரே' என்ற இலவசச் செயலி இருக்கிறது.

தன்னார்வலர்கள் பாடுபட்டு மொழிபெயர்த்த தமிழ் லினக்ஸில் உண்டே, நாம் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் 'உலாவி' என்றால் எண்பது வயதுத் தாயாருக்கு என்ன புரியும்? 'பேரனோடு பேச' என்று எழுதி, சின்னத்தின் இடத்தில் பேரன் படத்தையே வைத்தால் யாரையும் கேட்காமல் தட்டுவார். ஃபயர்பாக்ஸுக்கு ஒரு தனி லாஞ்சர் செய்து, கட்டளையின் முடிவில் மதுரைத் திட்டத்தின் இணைய முகவரியைச் சேர்த்து, 'பழைய நூல்கள்' என்று பெயர் வையுங்கள். 1998 முதல் தன்னார்வலர்கள் சேர்த்து வைத்த தமிழ் இலக்கியம் ஒரே தட்டலில் வரும்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தானே சோறு போடும் என்பார்கள் சிலர். உண்மைதான். அதற்காக எவரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. லினக்ஸில் ஆளுக்கொரு கணக்கு வைக்கலாம். பாட்டியின் திரை தமிழில், பேரனின் திரை ஆங்கிலத்தில். ஆனாலும் பேரன் திரையில் நாலு சின்னங்களுக்காவது தமிழ்ப் பெயர் இருக்கட்டும். படம் பழகியதாக இருப்பதால் தடுமாற மாட்டான். நாள்தோறும் கண்ணில் படும் 'பாட்டு', 'படம்', 'கணக்கு' என்ற சொற்களை வகுப்பு வைக்காமலே படித்துவிடுவான்.

தமிழ் வகுப்பு நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் பாடத்தை இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளே தங்கள் வீட்டில் வழங்கும் சொற்களைக் கொண்டு பத்து லாஞ்சர்களுக்குப் பெயர் எழுதட்டும். எழுத்துப் பிழை வந்தால் பாட்டி திருத்துவார்; அவருக்கும் இந்த வீட்டில் ஒரு வேலை கிடைக்கும்.