மழை வரக் கூத்து. வந்தால் பாதிக் கூலி!

முன்பு தென்னாற்காடு, வடஆற்காடு ஜில்லாக்கள் என்று சொல்லப்பட்ட சீமையில் வெகுகாலமாய் ஒரு நம்பிக்கை நடமாடி வருகிறது. மழை பொய்த்தால் பாரதத்தில் விராடபருவத்தைப் படிக்க வேண்டும், அல்லது அதைக் கூத்தாக ஆட வேண்டும், ஆடினால் மழை கொட்டும் என்பதே அது. ஆதாரம் எங்கே என்றால் பாரதத்தையே காட்டுவார்கள். பாண்டவர் விராட நாட்டில் தலைமறைவாய் இருந்த காலத்தில், தருமன் இருக்கும் நாட்டில் மழை தவறாது பெய்யும் என்று பீஷ்மன் துரியோதனனுக்குத் துப்புச் சொன்னானாம். கதைக்குள்ளே ஒரு பாத்திரம் பேசிய பேச்சை எடுத்து இன்றைய வானத்துக்குச் சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். போகட்டும். இந்தச் சட்டத்தின்படியாவது நடந்துகொண்டார்களா என்பதுதான் நாம் இங்கே கேட்க வந்த கேள்வி.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் மேல்சித்தாமூர் என்கிற ஊர் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமை மடம் உள்ள ஊர். உலகத்தைப் படைத்தவன் என்று ஒருவன் கிடையாது என்று துணிந்து சொன்ன மார்க்கத்தாரின் ஊர். (அப்படிச் சொன்னவர்களையும் பின்னால் கோயில் கட்டித் தேர் இழுக்க வைத்தது நம் நாட்டுக் காற்றின் விசேஷம் போலும்.) அதற்குப் பக்கத்து ஊரொன்றில் சென்ற சித்திரைக் கடைசியில் மழை வேண்டி விராடபருவக் கூத்து என்று சுவரொட்டி போட்டிருந்தார்கள். செஞ்சியை ஒட்டிய மேலச்சேரிதான் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்குத் தாய் ஊர் என்பார்கள். ஆகவே அந்தப் பக்கத்தில் பாரதக் கூத்துக்குக் குறைவில்லை. நாமும் தோழர்கள் சிலருமாகப் போயிருந்தோம். சுயமரியாதைக்காரனுக்குப் பாரதக் கூத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கதை புளுகு. ஆனால் அந்த முகவீணை ஊதுகிறவனின் மூச்சு புளுகல்ல. இரவு முழுவதும் நின்று பாடுகிறவனின் தொண்டை புளுகல்ல. அதைக் கேட்கத்தான் போனோம்.

முதலில் நாதசுரமும் தவிலும். பிறகு இரவு பதினொரு மணிக்குக் கூத்து ஆரம்பமாயிற்று. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை. வேஷக்காரர்கள் கண்ணாடிச் சில்லு பதித்த மரக்கட்டைகளைத் தோளிலும் மார்பிலும் கட்டி, தலையில் கிரீடம் ஏற்றி, முகத்தில் அரிதாரம் பூசி வந்தார்கள். ஆடுகளத்துக்கு மேல் கூரை இல்லை. ஒரே ஒரு தார்ப்பாய் இருந்தது. அதன் கீழே உற்சவ விக்கிரகமும், முக்கியஸ்தர்களுக்காகப் போட்ட நாற்காலிகளும் இருந்தன.

நடுராத்திரிக்குப் பின் காற்று எழுந்தது. மின்னலைப் பார்த்தோம், இடியைக் கேட்டோம், அடுத்த நிமிஷம் மழை, அதுவும் கோடை மழை, சட்டி சட்டியாய் ஊற்றிற்று. ஜனங்கள் பாயைத் தலைமேல் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். சிலர் அவசரத்தில் புளியமரத்தடிக்கு ஓடினார்கள். மின்னும்போது அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை என்று கத்தி அழைத்து வந்தோம். விளக்குக் கம்பிகள் சேற்றில் கிடந்தன. மின்சாரத்தை நிறுத்த வேண்டுமென்று கமிட்டியாரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூத்து வாத்தியார், அறுபது வயதைத் தாண்டியவர், தம் இடுப்பு வேட்டியை அவிழ்த்து மிருதங்கத்தின் மேல் சுற்றி, கோவணத்தோடு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மழைக்கு முதுகைக் கொடுத்து நின்றார். தோல் ஊறிவிட்டால் வாத்தியம் வாயடைத்துப் போகும். புதிதாய் மூட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வரும்? ஆர்மோனியத்தின் மேல் இரண்டு பையன்கள் குடைபோலக் கவிழ்ந்து கிடந்தார்கள். அர்ச்சுனனின் அரிதாரம் கழுத்து வழியாக வடிந்தது. தார்ப்பாயின் கீழே விக்கிரகம் நனையவில்லை, நாற்காலிக்காரர்களும் நனையவில்லை.

ஒரு மணி நேரத்தில் மழை விட்டது. ஜனங்கள் வீட்டுக்குப் போகவில்லை. இதை நாம் சந்தோஷத்தோடு சொல்லுகிறோம். ஈரத் தரையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, ஆடுங்கள் என்றார்கள். வேஷம் கலைந்து, பாதி வாத்தியத்தோடு அவர்கள் பாடினார்கள். மழை கழுவிவிட்ட அந்தக் குளிர்ந்த இருட்டில் முகவீணையின் ஓசை எவ்வளவு தூரம் போயிற்று என்று சொல்ல நமக்குத் தெரியவில்லை. விடியும் முன்பே கதையை முடிக்க முடியாமல் நிறுத்திவிட்டார்கள்.

பொழுது விடிந்ததும் கமிட்டியார் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, விராடபருவம் ஆடிய மகிமையால் மழை வந்தது, அம்மன் கண் திறந்தாள் என்று முழங்கினார்கள். அந்த முழக்கம் அடங்குவதற்குள் அதே கமிட்டியார் கூத்து வாத்தியாரை அழைத்து, கதை முடியவில்லை, மழை கெடுத்துவிட்டது, ஆகவே பேசிய தொகையில் பாதிதான் என்று கணக்குத் தீர்த்தார்கள்!

இதைப் படிக்கிறவர்கள் சற்று நிதானித்துப் பார்க்கட்டும். கூத்து மழையைக் கொண்டுவந்தது உண்மையானால், கேட்ட சரக்கைக் கேட்ட ராத்திரியே இறக்கிக் கொடுத்தவனுக்கு இரட்டைக் கூலியல்லவா கொடுக்க வேண்டும்? மழை தானாக வந்து கூத்தைக் கெடுத்தது உண்மையானால், அம்மன் கண் திறந்த கதையை ஒலிபெருக்கியில் ஏன் அளந்தார்கள்? புகழுக்கு ஒரு கணக்கு, கூலிக்கு ஒரு கணக்கா? நாம் இதைக் கேட்டபோது, சாமி காரியத்தில் தகராறு பண்ணாதே என்றார்கள். சில வாலிபர்கள் மனம் பொறாமல் துண்டை ஏந்தி வசூல் செய்து கொடுத்தார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அதை நாம் மெச்சுவதற்கில்லை. உழைத்தவனுக்கு வரவேண்டியது கூலி. அதைத் துண்டில் வசூலித்தால் அது பிச்சையாகிவிடுகிறது.

கிராமத்தார் படிக்காதவர்கள், ஆகையால் இப்படி என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். படித்தவர்கள் கதை இதைவிட மோசம். வடக்கே தான்சேன் மேக மல்ஹார் பாடி மழை பெய்தது என்பார்கள். தெற்கே முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரம் போகும் வழியில் அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடினார், வானம் பொத்துக்கொண்டது, பிறகு நிறுத்தச் சொல்லிப் பாடித்தான் நின்றது என்பார்கள். தீட்சிதர் 1835-இல் அந்த எட்டயபுரத்திலேயே காலமானார். அதன் பிறகு அந்த ராகத்தைச் சங்கீத வித்துவான்கள் எத்தனையோ சபைகளில் பாடிவிட்டார்கள். எட்டயபுரத்துக் கரிசல் மட்டும் இன்னும் வானம் பார்த்த பூமியாகவே கிடக்கிறது. ராகம் நல்ல ராகம்தான், காதுக்கு இனிமையானது. காதுக்கு இனிமையானதை மேகத்துக்கு உத்தரவாக்குவதுதான் புரட்டு.

2019-இல் நடந்ததை மறந்துவிடக் கூடாது. அவ்வருஷம் இந்து சமய அறநிலையத் துறை மழைக்காகக் கோயில்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. வருண ஜபம் செய்ய வேண்டும், நந்தியின் கழுத்துவரை தண்ணீர் நிரப்ப வேண்டும், அமிர்தவர்ஷினி, மேகவர்ஷினி, கேதாரி, ஆனந்தபைரவி முதலிய ராகங்களை நாதசுரம், வயலின், புல்லாங்குழல், வீணைகளில் வாசிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. சர்க்காரே ராகத்தின் பேரைக் குறிப்பிட்டு உத்தரவு போட்ட அதிசயம் வேறெந்தத் தேசத்தில் உண்டு? வாசித்தார்கள். ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டன. மந்திரிகள் யாகம் செய்தார்கள். கடைசியில் ஜூலை 12-ஆம் தேதி சென்னைக்குத் தண்ணீர் வந்தது; மேகத்திலிருந்தல்ல, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நந்தியின் கழுத்துவரை நிரப்பிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றியிருந்தால் சில தெருக்களாவது தாகம் தீர்ந்திருக்கும்.

அப்படியானால் கூத்தும் மழையும் அடிக்கடி ஒன்றாக வருவது எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சுலபமானது. அறுப்பு முடிந்து கையில் நாலு காசும் ஓய்வும் இருக்கும் பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் நம் ஊர்களில் திருவிழா வைக்கிறோம். வெயிலுக்குப் பயந்து மாலையிலும் ராத்திரியிலும் கச்சேரியும் கூத்தும் வைக்கிறோம். இதே மாதங்களில்தான் பகலெல்லாம் தரை காய்கிறது. சூடேறிய காற்று மேலே எழும்புகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று உள்நாட்டுக்குள் வந்து அதோடு கலந்து, மலைபோல் மேகம் திரண்டு, மாலைக்கு மேல் இடியோடு கொட்டுகிறது. இந்த நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் வருவது. கோடையில் வருவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பெரும்பாலும் திருவிழா வேளையில் வந்து விழுகிறது. இரண்டு காரியத்துக்கும் ஒரே மாதத்தையும் ஒரே வேளையையும் குறித்துவிட்டு, சந்தித்துக்கொண்டதும் மகிமை என்றால் என்ன செய்வது? கூத்து ஆடி மழை வராத ராத்திரிகளை யாரும் கணக்கு வைப்பதில்லை. வந்த ராத்திரியை மட்டும் பேரன் காலம்வரை சொல்லுவார்கள்.

பாடினால் மழை வராது என்பது போலவே, பாடினால் மழை நிற்கவும் நிற்காது. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்துப் பண்ணையொன்றில் உட்ஸ்டாக் என்ற பெயரால் திறந்தவெளிக் கச்சேரி நடந்தது. 4 லட்சம் பேர் கூடினார்கள் என்கிறார்கள். மூன்றாம் நாள் புயலும் மழையும் வந்தபோது அந்தக் கூட்டம் ‘மழை வேண்டாம், மழை வேண்டாம்’ என்று ஒரே குரலாய்க் கோஷமிட்டது. மழை தன் பாட்டுக்குப் பெய்து தீர்த்துவிட்டுத்தான் நின்றது. லட்சக்கணக்கான தொண்டைகளுக்குப் பணியாத மேகம் பீஷ்மன் வாக்குக்குப் பணியுமா?

நனைவதிலும் ஒரு முறை இருக்கிறது. 1991 ஜூலை 30-இல் லண்டன் ஹைட் பார்க்கில் இத்தாலியப் பாடகர் பவரோட்டி பெருமழையில் பாடினார். முன்னால் இருந்தவர்கள் குடை பிடித்ததால் பின்னால் இருந்தவர்களுக்கு மேடை மறைந்தது. குடையை மடக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். இளவரசர் சார்லசும் டயானாவும்கூட நனைந்துகொண்டு கேட்டார்கள். ராஜ குடும்பத்தில் நமக்கு ஒன்றும் பக்தியில்லை; ராஜாவே வேண்டாம் என்கிற கட்சி நாம். ஆனால் பாடுகிறவன் தலைமேல் கூரையும் கேட்கிறவன் தலைமேல் மழையுமாக அங்கே இருந்தது. இங்கே ஆடுகிறவன் மழையில், பார்க்கிற பெரிய மனிதன் தார்ப்பாயில். மேல்சித்தாமூரில் பார்சுவநாதர் கோயில் இருக்கிறது. அவர் தவத்தில் நின்றபோது விரோதி ஒருவன் பெருமழையை ஏவினான் என்றும், தரணேந்திரன் என்னும் நாகராஜன் வந்து படத்தைக் குடையாய் விரித்தான் என்றும் கதை. கதையை நாம் நம்பவில்லை. ஆனால் நனைகிறவன் தலைமேல் ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்கிற புத்தி அந்தக் கதையில் வருகிற பாம்புக்கு இருந்தது, கமிட்டியாருக்கு இல்லை. அந்தப் பாரதத்தையாவது ஒழுங்காய்ப் படித்தார்களா? விராடன் அரண்மனையில் பேடி வேஷம் போட்டு ஆடல் பாடல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் அர்ச்சுனன். அந்தக் கூலி வாத்தியானுக்கு நடனசாலை கொடுத்தான் விராடன். அந்த அர்ச்சுனனாய் வேஷங்கட்டுகிறவனுக்கு நாலு முழத் தார்ப்பாய் இல்லை.

சாதியைச் சொல்லாமல் இந்த விஷயம் விளங்காது. பறை அடிக்கிறவனும் கூத்தாடுகிறவனும் நம் சமூகத்தில் கீழே தள்ளப்பட்ட வகுப்புகளிலிருந்து வருகிறவர்கள். சென்னையில் மார்கழிக் கச்சேரி மின்விசிறிக்கும் கூரைக்கும் கீழே நடக்கிறது. அங்கே மழை வந்தால் ரசிகருக்குச் செருப்பு நனையுமே தவிர வித்துவானுக்கு வீணை நனையாது. நாதசுரக்காரருக்கே ஒரு காலத்தில் தோளில் துண்டு போட உரிமை இல்லாமல் இருந்தது. 1930-ஐ ஒட்டி கானாடுகாத்தான் திருமண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து வேர்வை துடைக்கப் போட்ட துண்டை எடுக்கச் சொன்னார்கள். பட்டுக்கோட்டை அழகிரிசாமி எடுக்காதே, வாசி என்று பக்கத்தில் நின்றார். துண்டு தோளில் ஏறிவிட்டது. ஆனால் அந்தத் துண்டு மழையில் ஊறினால் யாருக்கு என்ன என்கிற நிலைமையில் இன்னும் இருக்கிறோம். 2025-இல் புரிசைக் கூத்தர் கண்ணப்ப சம்பந்தனுக்கும் பறை ஆசிரியர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். சரியான காரியம். டெல்லியில் பட்டம், கிராமத்தில் பாதிக் கூலி என்றால், பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாத்தியத்தை மூட்ட முடியாது.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் காலத்தில் மறுபடியும் பல ஊர்களில் கூத்து வைக்கப் போகிறார்கள். வாத்தியாரோடு வெற்றிலை பாக்கு மாற்றும்போதே, மழை பெய்து நின்றாலும் முழுக் கூலி, வாத்தியம் கெட்டால் அதற்கும் கமிட்டி பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். கூத்தர்களும் எழுதாமல் பேட்டை கட்டக் கூடாது. தார்ப்பாய் ஒன்றுதான் உண்டென்றால் அதை ஆடுகளத்தின் மேல் கட்டட்டும். கல்லும் செம்பும் நனைந்தால் காய்ந்துவிடும். இந்தத் தேசத்தில் வருஷந்தோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மின்னலுக்குப் பலியாகிறார்கள். ஆகவே முதல் இடி கேட்டதும் மின்சாரத்தை நிறுத்தி, ஜனங்களை மரத்தடிக்கு விடாமல் கட்டடத்துக்குள் அனுப்ப இரண்டு ஆளை முன்கூட்டியே நியமித்து வைக்க வேண்டும். மின்னலை முன்னறிவிக்கத் தாமினி என்றொரு செயலி கைப்பேசியிலேயே கிடைக்கிறது. கமிட்டியில் ஒருவராவது பஞ்சாங்கத்தை மூடிவிட்டு அதைத் திறந்து பார்க்கட்டும்.

அந்த ஊர்க் கமிட்டியார் மீதிப் பாதியை இன்னும் கொடுக்கவில்லை என்று தெரிகிறது. கொடுத்ததும் இந்தப் பத்திரிகையில் அதையும் எழுதத் தயாராய் இருக்கிறோம்.