குன்றின் தலை எவருடையது?

பொதினி மலைத் தலைவன் பேகன் குளிரில் நடுங்கியதென எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியை வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லி வருகின்றோம். கேட்கும் மாணவர் ஆண்டுதோறும் சிரிப்பர். இம்முறை அவர்களை அந்த மலைத்தொடரின் மேலேயே அழைத்துச் சென்றோம். கொடைக்கானல் ஏரிக்கரையில் விடியற்காலையில் பேருந்தை விட்டு இறங்கியதும், சால்வை கொண்டு வராத மாணவர் ஒருவர், "ஐயா, பேகன் இப்போது வரமாட்டானா?" என்றார். அதன் பின் பேகனைப் பற்றி ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏரியிலிருந்து கதிரவன் ஆய்வுக்கூடம் வரை நடந்தே ஏறுவதென முடிவு செய்திருந்தோம். கடல் மட்டத்திற்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தக் குன்று நகரின் தலைபோல் அமைந்தது. ஏறும் வழியெங்கும் இருவகை உடைமைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒருபுறம் கல்லால் கட்டிய பழைய பங்களாக்களும், கண்ணாடி மாடங்களோடு எழுந்துள்ள புதிய மாளிகைகளும், ஆண்டில் பத்து நாள் மட்டுமே விளக்கெரியும் விடுமுறை இல்லங்களும் உள்ளன. மறுபுறம் நகர மக்களின் குடிநீருக்கான நீர்த்தேக்கம், மின்கம்பங்கள், குழாய்கள், எல்லாவற்றிற்கும் மேலே ஆய்வுக்கூடம். ஒரே குன்றைச் செல்வரின் ஓய்வும் பொதுமக்களின் தேவையும் பங்கிட்டுக்கொண்டுள்ளன. அப்பங்கீட்டில் நடந்து வருபவனுக்கு என்ன பங்கு என்பதே இக்கட்டுரையின் வினா.

அவ்வினாவை நாமாக எழுப்பவில்லை. பாதி வழியில், உள்ளூர் அன்பர் ஒருவர் சொல்லியிருந்த குறுக்குப் பாதையில் திரும்பினோம். பழங்காலத்துக் கற்படிகள், பலர் கால்பட்டுத் தேய்ந்தவை. இருபது படி ஏறியதும் இரும்புக் கதவு ஒன்று குறுக்கே நின்றது. காவலர் எழுந்து வந்து, "எந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று வினவினார். எந்த வீட்டிற்கும் வரவில்லை, மலைக்கு வந்திருக்கின்றோம் என்றோம். அவர் முகத்தில் தயக்கமே தெரிந்தது. "நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது இப்படித்தாங்கய்யா விறகு கொண்டு போவோம். இப்ப விடக்கூடாதுன்னு உத்தரவு" என்றார். அவரிடம் சினங்கொள்ள என்ன இருக்கிறது? இறங்கிச் சாலை வழியே, ஊர்திகளின் புகையை உண்டுகொண்டு சுற்றி ஏறினோம்.

அந்தக் குன்றின் வரலாறு தெரியாதவர்கள் இதைச் சிறிய செய்தி எனக் கருதக்கூடும். தமிழகத்தில் 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சத்தின் கொடுமையை நம் பாட்டன்மார் கும்மிப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லிச் சென்றனர். மழை ஏன் பொய்க்கிறது, கதிரவனில் நிகழும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டா என்ற ஆராய்ச்சி வேட்கையை இத்தகைய பஞ்சங்களே தூண்டின. அதன் விளைவாகச் சென்னையிலிருந்த வானாய்வுப் பணி இம்மலைக்கு மாற்றப்பட்டு, 1899-இல் இவ்வாய்வுக்கூடம் தோன்றியது. 1901-இல் நோக்குப்பணி தொடங்கியது. கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். உலக இயற்பியல் நூல்கள் அதை அவர் பெயராலேயே வழங்குகின்றன. நூறாண்டுக்கும் மேலாகக் கதிரவனைப் படமெடுத்துச் சேர்த்த தொகுப்பும் அங்கே உருவானதே.

ஆகவே குன்றின் உச்சியில் பொதுப்பணத்தில் கட்டடம் எழுந்ததற்குக் காரணம் சமவெளி உழவனின் பட்டினி. மேகமும் தூசியும் குறைந்த வானம் அங்கே கிடைத்தது. கீழே வாழ்வோரின் பொருட்டு அதை எடுத்துக்கொண்டனர். நீரின் கதையும் அதுவே. இம்மலைத்தொடரின் சோலைகளிலும் புல்வெளிகளிலும் ஊறும் நீர்தான் பழனிப் பக்கத்தில் வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, குதிரையாறு அணைகளுக்கும், தெற்கே மஞ்சளாற்றுக்கும், கிழக்கே மருதாநதிக்கும் இறங்கிச் செல்கிறது. உச்சியில் ஒரு புல்வெளி கற்காரைத் தளமாக மாறுவது உச்சியில் இருப்பவரின் சொந்தச் செய்தி ஆகாது. அதன் கணக்கைக் கீழே வயல் தீர்க்கும்.

எனினும் ஒரு நீதியைச் சொல்லியாக வேண்டும். நீர்த்தேக்கத்தைச் சுற்றி வேலி இருந்தால் நாம் குறை சொல்வதற்கில்லை; ஊர் குடிக்கும் நீர் அது. நுண்ணிய கருவிகள் உள்ள ஆய்வுக்கூடம் பார்வைக்கென நேரம் வகுத்திருப்பதும் முறையே. ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் அந்நியர் நடமாட வேண்டாம் என நினைப்பதையும் நாம் மறுக்கவில்லை. நடந்து செல்வோராகிய நாமும் குற்றமற்றவர் அல்லர்: அந்தக் கற்படிகளின் ஓரத்தில் கிடந்த நெகிழிப் புட்டிகளை மாளிகைக்காரர் போட்டதாகச் சொல்ல நமக்குத் துணிவில்லை. நம் மாணவியர் இருவர் ஒரு சாக்கு நிறைய அவற்றைப் பொறுக்கிச் சுமந்து வந்தனர்.

வேலி வேண்டும் இடம் வேறு, வழி மறிக்கும் இடம் வேறு. நம் நாட்டு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமே இதை அறியும். ஒரு வழியை உரிமையாகவும் வெளிப்படையாகவும் தடையின்றியும் இருபது ஆண்டுகள் பயன்படுத்தி வந்தால் அவ்வழியின் மீது உரிமை பிறக்கும் என்பது அச்சட்டத்தின் கோட்பாடு. அரசு நிலமாயின் முப்பது ஆண்டுகள். ஆனால் விறகு சுமந்தவர் எவரும் வழக்கறிஞரை நாடுவதில்லை. எழுதப்படாத பாதை, கதவு பூட்டப்படும் நாளில் இல்லாத பாதையாகி விடுகிறது.

வேற்று நாட்டினர் இதற்காகச் சிறை சென்றுள்ளனர். இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24 அன்று, செல்வர் பறவை வேட்டையாட ஒதுக்கிவைத்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் மான்செஸ்டர்ப் பகுதித் தொழிலாளர் சில நூறு பேர் அனுமதியின்றி நடந்தேறினர். ஐவருக்குச் சிறைத்தண்டனை கிட்டியது. ஸ்காட்லாந்து 2003-இல் இயற்றிய சட்டம், பொறுப்புடன் நடக்கும் எவருக்கும் மலையிலும் நிலத்திலும் செல்லும் உரிமையை வழங்கியது; வீட்டையும் வீட்டாரின் தனிமைக்குத் தேவையான சுற்றிடத்தையும் மட்டும் அது விலக்கி வைத்தது. இரு தரப்புக்கும் இதைவிட நேர்மையான எல்லைக்கோடு நமக்குத் தோன்றவில்லை.

கொடைக்கானலிலேயே இதற்கு நற்சான்று உண்டு. மலைவிளிம்பையொட்டி லெப்டினன்ட் கோக்கர் 1872-இல் அமைத்த ஒரு கிலோமீட்டர் நடைபாதையைக் காணாத சுற்றுலாப் பயணி இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கிக் கூலித்தொழிலாளியும் கோடீஸ்வரரும் ஒரே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரே பள்ளத்தாக்கைப் பார்க்கின்றனர். அங்கே பாதை முதலில் வந்தது. அது வராதிருந்தால் அந்த விளிம்பு முழுவதும் இன்று எவரெவருடைய படுக்கையறைச் சாளரங்களாகவோ இருந்திருக்கும்.

மலைமேல் எழும் மாடிகள் எத்துணைத் தொலைவு நிழல் வீழ்த்தும் என்பதை மாணவ சமுதாயம் மறத்தற்கில்லை. இரண்டு தளங்களுக்கே இடமிருந்த மலைநகரில் ப்ளசன்ட் ஸ்டே ஓட்டல் ஏழு தளங்களாக எழுந்த வழக்கில், 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் அன்றைய முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அத்தீர்ப்பை உயர்நீதிமன்றம் 2001-இல் நீக்கியது. தண்டனை அறிவிக்கப்பட்ட அன்றே தர்மபுரி அருகே கல்விச் சுற்றுலா வந்த வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டு, மாணவியர் மூவர் உயிரிழந்தனர். அவர்களும் நம் மாணவர்களைப் போலவே ஆசிரியருடன் ஊர் பார்க்கப் புறப்பட்டவர்கள்.

உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் நுழையும் சுற்றுலா ஊர்திகளுக்கு இணையவழி அனுமதிச்சீட்டு வேண்டும் என்றாயிற்று. வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு நாள் வந்து செல்பவனை எண்ணத் தொடங்கிய நாம், அவன் ஊர்தியை விட்டு இறங்கி நடக்க விரும்பினால் அவனுக்குரிய பாதைகள் எத்தனை என்பதை எண்ணவில்லை. மலைக்கு மிகக் குறைந்த பாரம் நடப்பவனே. அவனைக் கதவிலிருந்து திருப்பி அனுப்பினால் அவன் மீண்டும் ஊர்தியில்தான் ஏறுவான்.

நகராட்சி செய்யவேண்டியது பெரிதன்று. நகருக்குள் மீந்திருக்கும் பழைய நடைவழிகளை அளந்து, வரைபடமாக்கி, ஒவ்வொன்றின் தலைப்பிலும் பெயர்ப்பலகை நடுதல் வேண்டும். புதிய கட்டட அனுமதி வழங்குமுன் அந்த வரைபடத்தைப் பார்த்தல் வேண்டும். நெடுங்காலம் சாலையே காணாது கால்வழியால் வாழ்ந்த வெள்ளகவி போன்ற மலையூர்களின் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்த வழி எங்கே பிரிந்தது, எந்தச் சுனையில் சுமை இறக்கினார்கள் என அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள, நாட்டார் வழக்காற்றியல் பயிலும் தமிழ் மாணவரினும் தகுதியானவர் யார்?

அன்று மாலை திரும்புகையில் மாணவர் நால்வர் மீண்டும் அந்தக் கதவருகே சென்றனர். காவலர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். தம் சிறுவயதில் விறகு கொண்டுபோன வழியை அவர் சொல்லச் சொல்ல, ஒருவர் குறிப்பேட்டில் படம் வரைந்துகொண்டார். கதவுக்கு அப்பால் பாதைக்கு ஒரு பெயர் இருந்ததாம். அவருடைய தாய்க்குத் தெரியும், கேட்டுச் சொல்வதாகக் கூறினார். மாணவர்கள் கல்லூரி முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தனர்.