எல்லைப்புறத்து ஆஸ்பத்திரிகள்



திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் பெருவழியில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் களியக்காவிளை வந்துவிடும். 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு முதலிய தென் திருவிதாங்கூர்த் தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு கிழித்தது அரசாங்கம். ஆயினும் கொள்வினையும் கொடுப்பினையும் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை, நோயும் அவ்வாறே. 1838-இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் வைத்தியப் பணி எல்லையின் இப்பாலும் அப்பாலும் உள்ளோர்க்குப் பொதுவாக இருந்தது. அங்கே நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் சாமர்வெல்லின் பெயரை இன்று தாங்கி நிற்பதோ கேரளத்துக் காரக்கோணத்திலுள்ள மருத்துவக் கல்லூரி.

இத்தகைய மண்ணில் 2020-ஆம் ஆண்டு அந்தக் கோடு மெய்யாகவே அடைத்த கதவாயிற்று. அவ்வாண்டு ஜனவரி 30-இல் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் கண்டறியப்பட்டார்; மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. மே மாதத் தொடக்கத்தில், வெளி மாநிலங்களில் சிக்கியோர் திரும்புவதற்கெனக் கேரள அரசு திறந்த ஆறு சோதனைச் சாவடிகளுள் பாறசாலையை அடுத்த இஞ்சிவிளையும் ஒன்று. முன்பதிவும் அனுமதிச் சீட்டும் இன்றி எவரும் அதனைக் கடத்தல் இயலாது. பெற்றோரை ஊரில் விட்டுத் தொலைவில் பிழைக்கும் நம்போன்ற குடும்பங்களுக்கு அந்நாட்களின் கவலையை எடுத்துரைக்கவும் வேண்டுமோ? மகனும் மகளும் வர இயலாத வேளையில் முதியோருக்கு அருகிருந்தது யார் என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

ஜூலை மாதத்தில் நோய் கடற்கரையை எட்டியது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த புல்லுவிளை மீனவக் கிராமத்தில் 97 பேரைச் சோதித்ததில் 51 பேருக்குத் தொற்று இருந்தது. பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டதென முதலமைச்சர் பினராயி விஜயன் ஜூலை 17-இல் வெளிப்படையாக அறிவித்தார். கடலோரம் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு அடைக்கப்பட்டது. அவற்றுள் தென்கோடி மண்டலம் விழிஞ்ஞத்திலிருந்து எல்லையூராகிய பொழியூர் வரை நீண்டது. வீட்டோடு வீடு ஒட்டிய கடற்கரைக் குடியிருப்பில் நோயாளியைத் தனி அறையில் வைப்பது எங்ஙனம்?

இதற்கு விடையாக அமைந்தவையே முதல்நிலைச் சிகிச்சை மையங்கள். பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் படுக்கைகள் இடப்பெற்று மருத்துவ நிலையங்களாயின. நோய்க்குறி இல்லாதோரும் சிறிதளவே உடையோரும் அங்கே தங்கினர். மூச்சுத் திணறுவோர் மட்டும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். இம்முறையின் பயன் யாதெனின், பெரிய மருத்துவமனையின் படுக்கை உயிருக்குப் போராடுவோர்க்கென ஒழிந்து நின்றமையே. சிற்றூர் மையம் முன்னே நின்று தாங்காவிடில் தலைநகர் மருத்துவக் கல்லூரி எத்துணைப் பெரிதாயினும் நிரம்பி வழிந்திருக்கும்.

கொரோனா ஒன்றே நோயன்று. அவ்வாண்டிலும் குழந்தைகள் பிறந்தன; பாம்பு கடித்தது; இருதயம் வலித்தது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் மருந்துண்ணும் முதியோர் வெளியே வரலாகாதென்று சொல்லிவிட்டால் போதுமா? மருந்து அவர்தம் வாயிலுக்குப் போகவேண்டும் அன்றோ? அதனைக் கொண்டு சேர்த்தவர்களுள் ஆஷா பணியாளராகிய பெண்கள் முதன்மையானோர். படுக்கையில் கிடப்போரை வீடு தேடிச் சென்று பேணுவதற்குக் கேரளம் 2008-லேயே ஒரு கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகள் வழியே செவிலியரை அனுப்பும் வழக்கத்தை வளர்த்திருந்தது. கொள்ளைநோய் வந்தபின் கட்டிய அமைப்பன்று அது. முன்பே கட்டியிருந்ததால் வேளைக்கு உதவிற்று.

2021 ஜனவரி 16-இல் இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது. கேரளத்தில் அன்று 133 நிலையங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 11. பிரதமருடன் இருவழி உரையாடுவதற்கான ஏற்பாடு மாநிலத்தில் இரண்டே இடங்களில் செய்யப்பட்டது. ஒன்று எறணாகுளம், மற்றொன்று நம் பாறசாலைத் தாலுகா மருத்துவமனை! எல்லையோரத்து ஆஸ்பத்திரி ஒன்று பெருநகருக்குச் சமமாக வைத்து எண்ணப்பட்டதில் அப்பகுதி மக்கள் பெருமை கொள்வது தகும்.

ஆயினும் பெருமையோடு நின்றுவிடலாகாது. வீடுவீடாக நடந்த அதே ஆஷா பெண்கள், மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியம் போதாது, 21,000 வேண்டும் என்று 2025 பிப்ரவரி 10 முதல் மாதக்கணக்கில் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் வெயிலிலும் மழையிலும் அமர்ந்தனர். ஆபத்துக் காலத்தில் கைதட்டிப் போற்றிய சமுதாயம், ஆபத்து நீங்கியபின் அவர்தம் அடுப்பில் உலை ஏறுகிறதா என்று நோக்கவேண்டாவா?

நம்மால் ஆவன சில உண்டு. ஊரிலிருக்கும் பெற்றோரின் நோய்க்குறிப்புகளையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரே உறையில் சேர்த்து அண்டை வீட்டார் அறிய வையுங்கள். அவ்வூர் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணையும், ஆஷா பணியாளரின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொருமுறையேனும் அவரோடு பேசுங்கள். கோயில் திருவிழாவுக்கும் மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் பணம் அனுப்பும்போது, ஊர்ப் பஞ்சாயத்தின் வலிநிவாரணச் சேவைக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். விடுமுறையில் ஊர் செல்லும்போது அந்தச் சிறிய ஆஸ்பத்திரியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். நாம் இல்லாத வேளையில் நம் அன்னையின் கையைப் பிடித்து நாடி பார்த்தவர் அங்கே இருப்பார். அவர்க்கு நன்றி கூறுதல் நம் கடன்.