அடிவானம் காட்டும் பம்பரம்

மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர் மாலை வேளைகளில் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்குச் சென்று அமர்வதுண்டு. கடலும் வானும் கூடும் கோடு கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும். இருட்டிய பின் அக்கோடு மறைந்துவிடும். நிலத்தில் நிற்கும் நமக்கு அதனால் இழப்பில்லை. விமானம் ஓட்டுவோர்க்கோ அஃது உயிர்போகும் செய்தியாகும்.

நாம் ரயில்வேயில் எழுத்தராயிருப்பதால் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. அடுத்த தண்டவாளத்து வண்டி நகர்ந்தால், நிற்கும் வண்டியிலிருப்போர் தம் வண்டியே நகர்வதாக எண்ணுவர். பிளாட்பாரத்துத் தூணைப் பார்த்த பின்னரே மயக்கம் தெளியும். வானத்தில் தூணேது?

நம் உட்செவியின் நுண்குழல்களில் ஒரு நீர்மம் உண்டு. தலை திரும்புகையில் அது பின்தங்கி, அத்திருப்பத்தை உணர்த்துகிறது. திருப்பம் நீடித்தால் நீர்மமும் உடன் சுழல, உணர்ச்சி அற்றுப்போகிறது. பின்னர் விமானத்தை நேராக்கினால், மறுபுறம் சாய்வதாகவே தோன்றும். இப்பொய்யுணர்வை வெல்லவே செயற்கை அடிவானக் கருவி தோன்றியது. சுழலும் பம்பரம் தன் நிலை மாறாதிருக்கும் இயல்பே அதன் அடிப்படை. 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில், மூடிய கூண்டிலிருந்து, வெளியே நோக்காமல், கருவிகளைக் கொண்டே ஏறிப் பறந்து இறங்கிக் காட்டினார்.

ஆயின் கருவியே பொய்த்தால்? 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ என்னும் ஜம்போ விமானம், பாந்திராவை அடுத்த கடலில் வீழ்ந்தது. 213 பேரும் மாண்டனர். தலைமை விமானியின் கருவி வலப்புறம் சாய்ந்த நிலையைக் காட்டியபடி நின்றுவிட்டது. நேராக்குவதாக எண்ணி அவர் இடப்புறம் சாய்த்துக்கொண்டே போனார். கீழே இருண்ட கடல். துணை விமானிக்கு ஒன்றும், பொதுவில் ஒன்றுமாக வேறிரு கருவிகள் இருந்தும், அவற்றைக் கொண்டு விமானத்தை மீட்க இயலவில்லை.

பழுதுற்ற கருவி, தன் பழுதைத் தானே அறிவித்தல் வேண்டும் என்பதே இதனால் பெறும் பாடம். இன்றைய பெரிய விமானங்களில் வானம் நீலமாகவும் நிலம் பழுப்பாகவும் திரையில் விரிகின்றன. இரு விமானிகளின் கருவிகள் முரண்பட்டால் எச்சரிக்கை எழுகிறது. தனித்தியங்கும் மூன்றாவது கருவியும் உண்டு.

நெடும்பாசேரியில் நம் பிள்ளைகளை வளைகுடாவுக்கு வழியனுப்புகையில் நாம் நம்புவது இந்த மூன்று சாட்சிகளையே. ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது என்பது பஞ்சாயத்துக்கு மட்டுமன்று, விமானத்துக்கும் பொருந்தும்.