லாபம் மடத்துக்கு, பழி தெருவுக்கு

குடியைப் பற்றி யார் பேசினாலும் குடிக்கிறவனைத்தான் முதலில் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். காய்ச்சினவனையும் விற்றவனையும் யாரும் கூப்பிடுவதில்லை. நான் வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவன் காசை எண்ணுகிறவன். காசு எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருது என்று பார்ப்பது தொழில்புத்தி. அந்தப் புத்தியோடு ஒரு ஒயினைப் பார்க்கலாம் தோழர்களே. பேர் பக்ஃபாஸ்ட். ஸ்காட்லாந்தில் இந்தப் பேரைச் சொன்னாலே ரௌடி, தகராறு, போலீஸ் என்பதுதான் பொதுப்புத்தி.

செய்கிறவர்கள் யார்? இங்கிலாந்தின் தென்மேற்கே டெவனில் இருக்கும் கத்தோலிக்கத் துறவிகள். பெனடிக்ட் சபைக்காரர்கள். 1882இல் பிரான்சிலிருந்து வந்து மடம் போட்டார்கள். 1890களில் இந்த ‘டானிக் ஒயினை’ மருந்தென்று சொல்லி விற்றார்கள்: நாளைக்கு மூணு சின்ன கிளாஸ், ரத்தம் சுறுசுறுப்பாகும். 1927இல் மடத்தின் விற்பனை உரிமம் போயிற்று. உடனே ஒரு ஒயின் வியாபாரியோடு ஒப்பந்தம். மருந்து வாடை குறைந்தது, ருசி கூடியது. அன்றிலிருந்து மடம் செய்யும், கம்பெனி விற்கும். ஆல்கஹால் 15 சதம். முக்கால் லிட்டர் பாட்டிலில் சுமார் 280 மில்லிகிராம் காஃபீன், அதாவது எட்டு கோலா டின்னில் இருக்கிற அளவு. போதை ஆளைச் சாய்க்கப் பார்க்கும்; காஃபீன் சாயவிடாது. எவ்வளவு ஏறியிருக்கு என்று குடிச்சவனுக்கே தெரியாது.

இது அதிகமாகப் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் லனார்க்ஷயர். 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து ஓடிவந்த கத்தோலிக்கக் கூலிகள் கோட்பிரிட்ஜின் இரும்பு உலைகளில் வெந்த மண் அது. 1923இல் ஸ்காட்லாந்து புராட்டஸ்டண்ட் திருச்சபையின் சபையிலேயே, ஐரிஷ்காரர்களால் ஸ்காட்டிஷ் இனத்துக்கே ஆபத்து என்று அறிக்கை வைத்தார்கள். ‘எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே?’ என்று கேட்டால் போதும், மதம் தெரிந்துவிடும். நம்மூரில் ‘எந்தத் தெரு?’ என்று கேட்கிறானே, அதே கேள்விதான். பக்கத்து ஊரான மதர்வெல்லின் ரேவன்ஸ்கிரெய்க் எஃகு ஆலையும் 1992இல் மூடப்பட்டது.

அந்த ஊர்க்காரர்கள் இதற்கு ‘கோட்பிரிட்ஜ் டேபிள் ஒயின்’ என்று பேர் வைத்தார்கள். வட அயர்லாந்தில் இதுவே ‘லர்கன் ஷாம்பெயின்’. சாமியார் செய்த பாட்டில் என்பதால் கத்தோலிக்கர் எடுத்துக்கொண்டார்கள் என்பார்கள். சரி, பக்கத்திலேயே புராட்டஸ்டண்ட் ஊர் என்று பேரெடுத்த ஏர்ட்ரியிலும் குடிக்கிறானே? மலிவு, அதனால்தான் என்பார்கள். 2018இல் குறைந்தபட்ச விலைச் சட்டம் அமலுக்கு வந்தபோது இதன் விலை ஏறவில்லை. ஏற்கெனவே அதற்கு மேலேதான் விற்றது. ஆக, மதம் மட்டுமில்லை, காசு மட்டுமில்லை. வேலையும் மரியாதையும் போன இடத்தில் ‘இது எங்க சரக்கு’ என்று சொல்லிக்கொள்ள ஒரு பாட்டிலாவது மிச்சம் இருந்தது.

2010இல் பிபிசி ஒரு கணக்கை வெளியிட்டது. ஸ்ட்ராத்கிளைட் காவல்துறையின் குற்ற அறிக்கைகளில் மூன்றாண்டில் 5,638 இடத்தில் பக்ஃபாஸ்ட் பேர் வருகிறது. அந்த நாட்டு மது விற்பனையில் இதன் பங்கோ ஒரு சதம்கூட இல்லை. காஃபீனின் வேலை இதில் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் கேவலம் யார்மேல் விழுந்தது? அடித்தட்டு இளைஞனை ‘நெட்’ என்று ஏசும் சொல் அங்கே உண்டு. பாட்டிலைக் கையில் பார்த்ததுமே அந்தப் பேர் ஒட்டிக்கொள்கிறது. மடத்துமேல் எதுவும் ஒட்டுவதில்லை. அது பதிவு செய்த அறக்கட்டளை. ஒயின் வருமானம் புண்ணியக் கணக்கில் வரவாகிறது. விற்கிற கம்பெனி போலீஸ்மேலேயே வழக்குப் போட்டது. கடைக்காரர்களிடம் ‘இதை விற்காதே’ என்று கேட்கமாட்டோம் என போலீஸ் ஒத்துக்கொண்டு 2014இல் சமரசம் ஆயிற்று. தெருவில் நிற்கிற பையனுக்கு எந்த வக்கீல்?

இதற்கு இரண்டு பதில் வழக்கமாக வரும். ஒன்று, ‘குடியாதே’ என்ற உபதேசம். வாங்குகிறவனைத் திட்டிவிட்டு விற்கிறவனுக்குக் கும்பிடு போடுகிற உபதேசம் எனக்கு வேண்டாம். இன்னொன்று, ‘எங்க சரக்கு, எங்க கெத்து’ என்ற கொண்டாட்டம். கலகம் மாதிரித் தெரியும். என் தெருப் பிள்ளைகளின் ஈரலைத் தின்கிற பாட்டிலுக்கு என் தெருவின் பேரை வைப்பதில் என்னய்யா கலகம்? அது அவனுக்கு நாம் செய்து கொடுக்கிற ஓசி விளம்பரம்.

‘சேரின்னாலே குடிதான்’ என்ற வசவு நமக்குப் புதுசில்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறைக் கடையை நடத்துவது அரசாங்கமே. ஆனாலும் வசவு இடம் மாறவில்லை. கூட்டத்தில் எவனாவது அதைச் சொன்னால் வெட்கப்பட்டுத் தலை குனியவும் வேண்டாம், வீறாப்பாகக் குடித்துக் காட்டவும் வேண்டாம். பேரேட்டைத் திறக்கச் சொல்லுங்கள். வரவு யார் பேரில் இருக்கிறதோ, அவனிடமிருந்து பேச்சை ஆரம்பிப்போம்.