திண்ணையோடு சேர்த்துத்தான் விடுதி

2025 ஜூலையில் அரசு அறிவித்ததைத் தொடர்ந்து, ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதி' என்ற பெயர் வந்திருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறைகளின் விடுதிகளுக்கும் இதே பெயர்தான். பலகையைப் பார்த்து உள்ளே இருக்கும் பிள்ளையின் சாதியைத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை என்பதால் இதை நாம் வரவேற்றோம். நாற்பதைக் கடந்த நம்மில் பலருக்கு, "ஆஸ்டல் பசங்க எல்லாம் எந்திரிங்க" என்று வகுப்பில் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியைச் சொல்லும் வழி அது.

பெயர் மாறியாயிற்று. கட்டடம் என்ன ஆகிறது என்பதுதான் இந்த வாரக் கவலை.

நம் கடலூர் மாவட்டத்தின் வட்டத் தலைநகர் ஒன்றில் பழைய மாணவர் விடுதி மூன்று ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. ஊரின் பெயர் இப்போதைக்கு வேண்டாம். மதிப்பீடு இன்னும் மேசையில்தான் இருக்கிறது, அதிகாரிகளோடு பேச்சும் நடக்கிறது. பிள்ளைகள் ஊருக்கு வெளியே ஒரு வாடகைக் கட்டடத்தில் இருக்கிறார்கள். பழைய இடத்தில் முன்பக்கம் நீளமான திண்ணை, அதை ஒட்டி ஒரு கூடம், பின்னால் அறைகள், சமையற்கட்டு, கிணறு. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாக இரண்டு தளங்கள் கட்டப்போகிறார்கள். வரைபடத்தைப் பார்த்தோம். அறைகள் இருக்கின்றன, கழிப்பறைகள் போதுமான அளவு இருக்கின்றன, சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. திண்ணையும் இல்லை, பொதுக் கூடமும் இல்லை. கேட்டதற்கு, "அது மாணவர்களுக்குத் தேவையில்லையே சார்" என்று பதில் வந்தது.

தேவையில்லை என்று சொன்னவர் நல்ல மனிதர்தான். அந்தத் திண்ணை என்ன வேலை செய்தது என்பது அவருக்குத் தெரியாது. எந்தக் கோப்பிலும் அது எழுதப்பட்டிருக்காது.

நாம் 1990களில் அங்கே தங்கிப் படித்தவர்கள். வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், நீதிமன்றம் மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. காலை பத்து மணிக்கு வாய்தா என்றால், சுற்றுக் கிராமத்துச் சேரிகளிலிருந்து வருபவர்கள் முதல் நாள் இரவே கடைசிப் பேருந்தில் வந்துவிடுவார்கள். காலை முதல் பேருந்தை நம்பினால் வழக்கு போய்விடும். லாட்ஜில் ஊர்ப் பெயரையும் தெருவையும் கேட்டுவிட்டு "ரூம் இல்லை" என்பார்கள். காசும் அவர்களிடம் இருக்காது. துண்டை விரித்துப் படுக்க இந்தத் திண்ணை இருந்தது. காலையில் கிணற்றடியில் குளித்து, வேட்டியை மாற்றிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போவார்கள். அடுத்த முறை வரும்போது மல்லாட்டையோ கரும்போ கொண்டுவந்து சமையல்கார அண்ணனிடம் கொடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் திண்ணை மனு எழுதும் இடம். அலுவலக வாசலில் எழுதித் தருபவருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் நம்மிடம் வருவார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை, ரேஷன் அட்டை, வராத கூலி. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன், தன் பாட்டி வயதுள்ள ஒருவரைக் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதுவான். "என்னிக்கு நடந்துச்சு ஆயா? சர்வே நம்பர் தெரியுமா?" பிற்காலத்தில் தமிழில் முதுகலை படித்தோம். 'பொருள்' என்பதை ஒரே வரியில் எழுத வேண்டும் என்று கற்றது மட்டும் அந்தத் திண்ணையில்தான். சுடுகாட்டுப் பாதைக்காக ஒரே அம்மாவுக்கு மூன்று ஆண்டுகளில் ஏழு மனுக்கள் எழுதியது நினைவிருக்கிறது. கடைசி இரண்டை, ஊர் நோட்டீசைக் கொண்டுவந்து காட்டி, அவரே வாசகம் சொல்லி எழுதவைத்தார்.

கூடத்தில் மாலையில் இளைஞர் மன்றங்கள் கூடின. 1990-91 அம்பேத்கர் நூற்றாண்டு ஊரூராகக் கிளப்பிய உற்சாகம் அப்போது அடங்கவில்லை. ஏப்ரல் 14-க்கும் டிசம்பர் 6-க்கும் கூட்டம், கோடை விடுமுறையில் பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குப் பாடம், பறை பழக வருபவர்கள், கபடிக் குழு. 1992-ல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' ஒரே ஒரு பிரதிதான் எங்கள் கைக்குக் கிடைத்தது. கூடத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். பிள்ளைகளுக்குப் படுக்க இடமும் சோறும் கிடைத்த அதே கூரையின் கீழ், சுற்றுவட்டாரச் சேரிகளுக்கு நகரத்தில் ஒரு வீடும் இருந்தது.

இது நம் ஊரில் மட்டும் தற்செயலாக நடந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். விடுதி என்பதே நம் மக்களிடையே அப்படித்தான் உருவானது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக்கழகத்தைத் தொடங்கியபோது பள்ளி, தங்குமிடம், மடம் எல்லாம் ஒன்றாகவே வளர்ந்தன. படிக்க வந்த பிள்ளை அங்கேயே தங்கினான். பிள்ளையைப் பார்க்க வந்தவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. சென்னையில் எல்.சி.குருசாமி அருந்ததியர் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகளும் விடுதியும் நடத்தினார். ஆங்கிலேயர் ஆட்சியில் தொழிலாளர் ஆணையரின் துறைதான் நம் மக்களின் கல்வியையும் மனைப்பட்டாவையும் பார்த்துக்கொண்டது. 1949-ல் அரிஜன நலத்துறை தனியாகப் பிரிந்தது. அரசு பொறுப்பேற்றதால் கிடைத்த நன்மையை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஊர் ஊராகப் பிச்சையெடுத்து விடுதி நடத்த வேண்டிய நிலை போனது. சகஜானந்தரின் பள்ளிகளே இன்று அரசுப் பள்ளிகளாக நடக்கின்றன. ஆனால் துறை கணக்கெடுத்தது மாணவர் எண்ணிக்கையை, உணவுப்படியை, கட்டிலை. திண்ணையில் படுத்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இல்லாதது மதிப்பீட்டிலும் இருக்காது.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பழுதடைந்துவிட்டது, இடிக்க வேண்டும்' என்று முடிவெடுக்கும் முன், எது பழுது என்று யாராவது பார்த்தார்களா? பின்பக்க அறைகள் 1980களில் சேர்க்கப்பட்டவை. கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. அவற்றை இடிப்பதில் நமக்கு மறுப்பில்லை. பிள்ளைகள் தலையில் விழக் கூடாது. முன்பக்கக் கூடம் வேறு. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய தடித்த செங்கல் சுவர். மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்திவைத்து அடுக்கிய கூரை. இந்த மாதிரிச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். இடைக்காலத்தில் யாரோ அதன் மேல் சிமென்ட் பூசிவிட்டார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று சுவரை அரிக்கிறது. கைப்பிடிச் சுவரின் அரசங்கன்று வேர்விட்ட இடத்தில் மழைநீர் இறங்குகிறது. சிமென்டைக் கொத்தி எடுத்து, வேரோடு கன்றை நீக்கி, சுண்ணாம்பு பூசி, கெட்டுப்போன உத்திரங்களை மட்டும் மாற்றினால் கூடம் நிற்கும் என்று பழைய கொத்தனார் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னதே போதும் என்று நாம் சொல்லவில்லை. பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவர் வந்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாகச் சோதித்து எழுதித் தரட்டும்.

சுண்ணாம்பு வேலை இப்போது யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார்கள். சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. கூரை போய்ச் சுவர்தான் மிஞ்சியது. அதைப் பொதுப்பணித்துறைதான் மீட்டெடுத்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஹுமாயூன் மஹாலையும் அதே துறை சீரமைத்தது. நவாப் வாழ்ந்த மாளிகைக்குச் சுண்ணாம்பும் கடுக்காயும் தேடிக் கொண்டுவர முடிகிறது. சேரிப் பிள்ளைகள் படித்த கூடம் என்றால் மட்டும் பொக்லைன் நினைவுக்கு வருகிறது. தலைவர்களுக்கு மணிமண்டபமும் நினைவு அரங்கமும் கட்டுவதை நாம் குறை சொல்லவில்லை. சிதம்பரத்தில் எல்.இளையபெருமாள் நினைவாக அரங்கம் வந்ததில் நம் மாவட்டத்துக்கே மகிழ்ச்சி. தீண்டாமை குறித்து அவர் தலைமையிலான குழு 1969-ல் அளித்த அறிக்கைக்கு, ஊர் ஊராகப் போய் மக்கள் சொன்னதைக் கேட்டார்கள். மக்கள் வந்து சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது அவருக்கு அந்நியமான கோரிக்கையாக இருந்திருக்காது.

எதிர்க்கருத்துகளில் நியாயம் உள்ளவையும் இருக்கின்றன.

விடுதிக் காப்பாளர் சொல்வது பாதுகாப்பு. வெளியாட்கள் வந்து போனால் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனபின் பதில் சொல்ல வேண்டியவர் அவர். 1990களில் இருந்த தளர்வு இன்று முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். திண்ணையில் இரவு தங்குவதும் இனி நடக்காது, நடக்கவும் வேண்டாம். அதனால்தான் முன்பக்கத்தை மட்டும் தனி வாசலோடு, நடுவில் சுற்றுச்சுவரோடு, மாலை நேரத்திலும் விடுமுறை நாளிலும் திறந்துவிடக் கேட்கிறோம். வெளியூரிலிருந்து வருபவர் தங்க, தெருப்பக்கம் பார்த்தபடி இரண்டு அறைகள் போதும், பெயரும் ஆதாரும் எழுதும் பதிவேட்டோடு.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்கக் கூடாது. அந்தக் கூடம் கடைசிக் காலத்தில் கெட்ட பெயர் வாங்கியது. ஒரு தேர்தலில் இரண்டு கட்சிக்காரர்கள் கொடிக்காக உள்ளேயே அடித்துக்கொண்டார்கள். படிக்கும் பிள்ளைகள் பக்கத்து அறையில் இருக்கும்போதே சில இளைஞர்கள் குடித்துவிட்டு வந்தார்கள். பெண்கள் அமைப்புகள் கூட்டம் போட்டால் சாவி கிடைக்காது, ஆண்கள் கேட்டால் கிடைக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் இப்படிப்பட்ட இடங்களின் முதல் கேள்வி. காப்பாளரிடமும் வேண்டாம், எந்தக் கட்சிப் பொறுப்பாளரிடமும் வேண்டாம். பழைய மாணவர், சுயஉதவிக் குழுப் பெண்கள், பள்ளித் தலைமையாசிரியர், துறையின் தனி வட்டாட்சியர் ஆகியோர் அடங்கிய குழுவிடம் இருக்கட்டும். குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதில் நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

நம் ஆட்களிலேயே சிலர், "கூடத்துக்குப் பதில் கல்யாண மண்டபம் கேளுங்கள் அண்ணே" என்கிறார்கள். தனியார் மண்டபங்களில் நமக்கு நாள் கொடுக்க மறுப்பது இன்னும் நடப்பதால் அந்தக் கோரிக்கை தவறில்லை. அதைத் தனியாகக் கேட்போம். முகூர்த்த மாதத்தில் மைக் செட்டுக்கும் பந்திக்கும் நடுவே பிள்ளைகள் எப்படித் தேர்வுக்குப் படிப்பார்கள்?

பணம் இல்லை என்பதை மட்டும் நாம் ஏற்க மாட்டோம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சி செயல்திட்டத்துக்கென்றே 2024-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்குவது இனி கருணையல்ல, சட்டக் கடமை. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 விழுக்காடு. குடியிருப்புகளை மேம்படுத்த அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஐந்தாண்டுக்கு 1,000 கோடி ரூபாய்த் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. சென்னை சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா விடுதி 10 தளங்களோடு புதிதாக எழுந்து 2025-ல் திறக்கப்பட்டிருக்கிறது. தலைநகருக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்குகூட நாம் கேட்கவில்லை. பின்பக்கத்தை இடித்துக் கட்டும் வேலை விடுதிக் கணக்கில் நடக்கட்டும். முன்பக்கத்தைச் சீரமைக்கும் வேலையைத் தனி மதிப்பீடாகப் போட்டால், எந்தத் தலைப்பில் நிதி எடுப்பது என்று ஆட்சியர் அலுவலகம் முடிவு செய்துகொள்ளலாம். இரண்டையும் ஒரே மதிப்பீட்டில் போட்டால் விலை ஏறியதும் முதலில் வெட்டப்படுவது கூடமாகத்தான் இருக்கும்.

இதற்கிடையில் பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம். விடுதி உணவுப்படி 2023-ல்தான் பள்ளி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவருக்கு 1,100-லிருந்து 1,500 ஆகவும் உயர்ந்தது. பள்ளி மாணவனின் 1,400-ஐ முப்பது நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட வராது. வாடகைக் கட்டடத்தில் தண்ணீர் லாரியில் வருகிறது. கட்டட வேலை எத்தனை மாதம் என்று தேதி போட்டு எழுதித் தர வேண்டும் என்பது நம் மனுவின் முதல் கோரிக்கை. கூடமும் திண்ணையும் இரண்டாவது.

வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். விடுதிப் பிள்ளைகள் வர வேண்டாம், அவர்களுக்கு அன்று பள்ளி இருக்கிறது. பழைய மாணவர்களும், அந்தத் திண்ணையில் ஒரு நாளாவது படுத்தவர்களும் வந்தால் போதும். அங்கே எழுதிய மனுவின் நகலோ அலுவலக ரசீதோ யார் வீட்டிலாவது தகரப் பெட்டியில் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். கூடத்துக்கு என்ன பயன் என்று கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் வேறு பதிவேடு இல்லை.