வியர்வை காயாத ஊர்

வானொலியில் "இன்று 32 டிகிரி" என்று வாசித்தால், தேக்காவில் நம் ஊழியர்கள் சிரிப்பார்கள். "அவ்வளவுதானா? எங்க மதுரையில 40!"

உடம்பின் கணக்கு வேறு, தம்பிகளே. நீர் ஆவியாக நிறைய வெப்பம் வேண்டும். தோலில் ஒரு கிராம் வியர்வை காய்ந்தால், ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் அதோடு போய்விடும். அதே ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை சூடாக்கவே சுமார் 420 ஜூல்தான் ஆகும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இப்படித்தான். வெளியே கசியும் நீர், காயும்போது உள்ளிருக்கும் சூட்டைக் கொண்டுபோகிறது.

மதுரையின் வறண்ட கோடைக் காற்று வியர்வையை உடனே குடித்துவிடும். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். இந்தக் காற்றுக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கிறது. சட்டை நனையும், உடல் குளிராது. சொட்டி விழுந்த வியர்வையால் பயனில்லை, காய்ந்தால்தான் குளிர்ச்சி. ஊரில் கொளுத்தும் வெயிலில் வயல்வேலை பார்த்தவர் இங்கே மயங்கி விழுவதைச் சோம்பல் என்று சொல்லும் மேற்பார்வையாளர்களுக்கு இது தெரிய வேண்டும்.

மனிதவள அமைச்சு வெறும் வெப்பமானியை நம்புவதில்லை. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த அளவையே பார்க்கிறது. அது 32ஐ எட்டினால், வெளியில் கடும் வேலை செய்வோருக்கு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 2023 அக்டோபரில் வந்த விதி. நான் வாசிக்கும் 32 வேறு, இந்த 32 வேறு. இது மைஇஎன்வி செயலியில் இருக்கிறது, தமிழ் தெரிந்த நண்பர்களுக்கும் காட்டிக்கொடுங்கள்.